வயதுக்கு ஏற்ற மூளை

என் ராத்தாவின் மூளை வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது என்று கொம்பியூட்டர் சொன்ன அன்றைக்கே, வீட்டுக்கு வந்து அவவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது, 'இவ மட்டும் என்ன பெரிய அவுலியாவா?' என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

ராத்தா எனக்கு அக்கா மட்டுமில்லை, உம்மாவுக்குச் சமம். நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார். எனக்கு நாலு வயதாகும்போது ராத்தா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனா. அவ அனுப்பியதில் நாங்கள் சாப்பிட்டோம், உடுத்தோம், இறக்காமத்தை விட்டுக் கல்முனைப் பக்கம் வந்து ஒரு கல்வீடும் கட்டினோம். எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வீடில்லாத குமருக்கு மாப்பிள்ளை வராது. நியாயத்தின்படி அந்த வீடு மூத்தவளுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு வந்தது. எனக்கு இருபது வயதில் கலியாணம் பேசினபோது, "நாப்பது தாண்டின குமருக்கு இனி எவன் வருவான்? சின்னவளுக்கே எழுதுங்க" என்று மாமா சொன்னார். உம்மா தலையாட்டினா. சவூதியிலிருந்து திரும்பியிருந்த ராத்தா சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னா. அப்போதிருந்து அதே வீட்டில் பக்கத்து அறையில் இருக்கிறா.

மாமா என்பது உம்மாவின் தம்பி. எங்கள் குடிக்குப் பள்ளிவாசலில் அவர்தான் மரைக்கார், குடியின் பெரியவர். குடும்பத்தில் ஒரு பிணக்கு வந்தாலும், ஒரு பத்திரம் எழுதுவதென்றாலும், ஒரு டொக்டரிடம் போவதென்றாலும் அவர் முன்னால் நடப்பார், நாங்கள் பின்னால் நடப்போம். வாப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்த்தவர் என்று நானே எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! அந்த வாயைக் கழுவ வேண்டும்.

எனக்கு நாற்பது. ராத்தாவுக்கு அறுபத்திரண்டு. அப்படித்தான் நான் எண்ணியிருந்தேன். இருபத்திரண்டு வயது இடைவெளி. சின்ன வயதில் ஒருநாள் உம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் உம்மா எனக்கும் ராத்தாக்கும் நடுவுல ஒருத்தரும் இல்ல?"

"இருந்த, மகள். மூணு புள்ள. மூணும் வயித்துக்குள்ளயே போயிட்டு."

அன்றிலிருந்து தொழுதுவிட்டுக் கையேந்தும்போதெல்லாம் அந்த மூன்று பேருக்கும் துஆக் கேட்பேன். மனதுக்குள் மூன்று பேருக்கும் பேரும் வைத்திருந்தேன். ஒரு பெண், இரண்டு ஆண்.

ராத்தாவுக்கு மறதி தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. முதலில் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்புப் போட்டா. சிரித்தோம். பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பி, மறுபடியும் கைகால் கழுவி ஒளூ எடுத்து, மறுபடியும் அஸர் தொழுதா. மூன்று தடவை. "என்னகா, தொழுத நீங்கதானே?" என்றால், "எப்ப தொழுத?" என்று என்னையே கேட்பா. குசினியில் காஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டு, பற்ற வைக்க மறந்து வந்து முற்றத்தில் நின்றா. அல்லாஹ்ட காவல், அன்றைக்கு மணம் பிடித்து நான் ஓடாவிட்டால் வீடே போயிருக்கும். ஒருநாள் என்னை, சவூதி வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல, "மேடம்" என்று கூப்பிட்டா. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

கல்முனையில் ஒரு நரம்பு டொக்டர் கிளினிக்குக்கு வருவார். இளம் ஆள், பொறுமையாகக் கதைப்பார். மாமாவும் வந்தார், அவர் வராமல் எப்படி? டொக்டர் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்திருக்கச் சொன்னார், ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார். ராத்தா வட்டத்தைக் கீறி இலக்கமெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினா. கொழும்பில் ஒரு இடத்தில் மூளையை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். எடுத்தோம். ரிப்போட்டுடன் திரும்பவும் போய் அவர் முன்னால் மூன்று பேரும் இருந்தோம்.

படத்தோடு தனியாக ஒரு தாள் வந்திருந்தது. ராத்தாவின் மூளையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசியிருந்தார்கள்.

"இத ஆள் அளக்கல்ல, கொம்பியூட்டரே அளந்த" என்றார் டொக்டர். "கண்ணால பாத்துச் சொன்னா ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். இது ஞாபகத்துக்கு உள்ள பகுதி எவ்வளவு பெரிசெண்டு சரியா அளந்து, இதே வயசுப் பொம்பிளைகள்ர மூளையோட வெச்சுப் பாக்கும்."

தாளில் ஒரு சாம்பல் நிறப் பட்டி இடமிருந்து வலமாகச் சரிந்து போனது. வயது ஏற ஏற மூளை சுருங்குவது சாதாரணம், அதனால்தான் பட்டி சரிகிறது என்றார். பட்டிக்குள் இருந்தால் வயதுக்கு ஏற்ற அளவு. கீழே விழுந்தால் யோசிக்க வேண்டும். ராத்தாவின் புள்ளி பட்டியின் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஓரத்தில நிக்கி. ஆனா உள்ளுக்குத்தான். அறுபத்திரெண்டு வயசுக்கு இது சாதாரணம்" என்றவர் தாளைப் பார்த்து, ராத்தாவைப் பார்த்து, மாமாவிடம் திரும்பினார். "வயசு சரிதானே? எங்கட பக்கத்தில பழைய ஆக்கள்ர ஐடென்டி காட்டுல முன்னப் பின்ன இரிக்கும். இந்தக் கணக்கு முழுக்க வயசுலதான் நிக்கி."

"சரிதான் டொக்டர்" என்றார் மாமா. "நான்தானே தூக்கி வளத்த."

எனக்கு அந்தக் குரல் இன்றும் கேட்கிறது. ஒரு தடங்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை.

"அப்ப சரி. ஆனா இத மட்டும் வெச்சு முடிவெடுக்க ஏலா. வீட்டுல நடக்கிறத எழுதி வெச்சு, நாலு மாசத்தில திரும்பக் கொண்டு வாங்க" என்று டொக்டர் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் கிளினிக் வாசலிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

"பாத்தியா புள்ள, கொம்பியூட்டரே சொல்லிட்டு" என்றார் மாமா ஓட்டோவில். "மூளையில ஒண்டும் இல்ல. வேல செய்யப் பஞ்சி. வயசு போனா எல்லாருக்கும் வாற சேட்டைதான்."

நான் நம்பினேன். நம்புவது எனக்கும் லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, ராத்தா அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து, "கிளினிக் போகணுமே, வெளிக்கிடல்லியாகா?" என்று கேட்டா.

"நடிக்காத ராத்தா!" என்று கத்தினேன். "மூள நல்லா இரிக்காம்! கொம்பியூட்டருக்குப் பொய் சொல்ல ஏலா! ஆரப் பேய்க்காட்டப் பாக்கிறாய்?"

ராத்தா அபாயாவைக் கழற்றினா. பிறகு, "ஓம்கா, நல்லா இரிக்காம்" என்று சொல்லிச் சிரித்தா. அந்தச் சிரிப்பும் நடிப்புதான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் நான் செய்ததெல்லாம் இங்கே எழுதினால் கை கூசும். மறந்தபோதெல்லாம் ஏசினேன். சாப்பிட்டதை மறந்து சோறு கேட்டால், "சாப்பிட்ட நீதானே!" என்று கோப்பையைப் பறித்தேன். வேண்டுமென்றே சாமானை இடம் மாற்றி வைத்து, தேடுகிறாவா என்று ஒளிந்து நின்று பார்த்தேன். மாமா வரும்போதெல்லாம், "கொஞ்சம் இறுக்கிப் பிடி, சரியாகும்" என்பார். ராத்தா அறைக்குள் போய் அழுதுவிட்டு, ஏன் அழுதோம் என்பதையும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவா.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணியளவில் அவவைக் காணவில்லை. அறை, கிணற்றடி, பக்கத்து வீடு, கடற்கரை வீதி, எங்கும் இல்லை. என் கணவர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். நான் வாசலில் நின்று யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது.

"நான் இறக்காமத்திலிருந்து ஒரு டீச்சர் கதைக்கன். ஒராள் எங்கட ஸ்கூல் கேட்டடியில நிண்ட. பேக்குக்குள்ள இந்த நம்பர் இரிந்த. பயப்படாதீங்க, இஞ்ச இரிக்கா."

தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறா. மாறி ஏறியும் இருக்கிறா. எப்படி என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஓட்டோவில் போகும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். அறுபத்திரண்டு வயதுக் கிழவிக்கு ஊர்சுற்ற ஆசை என்று பல்லைக் கடித்தேன்.

போய்ப் பார்த்தால், ராத்தா பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரு வாங்கில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் அந்த டீச்சர் அவவின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, "நீங்கதானா அந்தக் கைப்புள்ள? உங்களத் தூக்கிட்டு எங்கட வீட்டுக்கு வருவாவே!" என்றா.

"உங்களுக்கு ராத்தாவத் தெரியுமா?"

"தெரியுமாவா? போன் எடுத்த பொறகுதான் அடையாளம் பிடிச்ச. ஒண்டாம் வகுப்புலருந்து ஒரே வாங்குல இரிந்த நாங்க! பத்தாம் வகுப்புல திடீரெண்டு நிண்டுட்டா. சவூதிக்குப் போயிட்டாண்டு பொறகுதான் தெரிஞ்ச. நான் அண்டைக்கு அழுத அழுக..."

நான் அந்த டீச்சரை மேலும் கீழும் பார்த்தேன். சுருக்கமில்லாத முகம். இன்னும் வேலையில் இருக்கிறா. "குறைவிளங்காதீங்க டீச்சர்" என்றேன். "உங்கட வயசு என்ன?"

"இந்த வருசத்தோட அம்பத்திரெண்டு. ஏன்?"

"ராத்தாக்கு அறுபத்திரெண்டு."

"ஆரு சொன்ன?" என்று அவ சிரித்தே விட்டா. "எனக்கு ரெண்டு மாசம் இளையவகா அவ!"

நான் நம்பாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, அலுமாரியைத் திறந்து, பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதிகிற பழைய சேர்வு இடாப்பு ஒன்றைத் தேடி எடுத்தா. ஓரமெல்லாம் பூச்சி தின்ற புத்தகம். ராத்தாவின் பேர் இருந்தது. பிறந்த திகதி இருந்தது. எதிரே, நான் முகமே அறியாத வாப்பாவின் கையெழுத்து இருந்தது. வாப்பா பொய் எழுதவில்லை. விரலை மடக்கி எண்ணினேன். அம்பத்திரண்டு.

அப்படியென்றால் சவூதிக்குப் போகும்போது வயது பதினாறு. பதினாறு வயதுப் பிள்ளையையா விமானத்தில் ஏற்றி விட்டீர்கள்? எனக்குக் கலியாணம் பேசும்போது அவவுக்கு முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை நாற்பது தாண்டின குமர் என்று சொல்லி அவட வீட்டைப் பறித்து எனக்குத் தந்தீர்கள், நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். நடுவில் செத்துப்போன மூன்று பிள்ளைகள்? அப்படி யாரும் இருக்கவே இல்லை. பத்து வயதுப் பொய்யை மூட, இல்லாத பிள்ளைகளுக்கு என்னை அழ வைத்துவிட்டு மௌத்தாகியிருக்கிறா என்னைப் பெற்றவ. ராத்தா மட்டும் என்ன? முப்பத்தாறு வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விட்டாவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே எனக்குப் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள் எல்லாரும். அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

அஸருக்குப் பிறகு நேரே மாமாவிடம் போனேன். கதிரையில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ராத்தாட வயசு என்ன?"

"ஏன், அறுபத்திரெண்டு முடிஞ்சி..."

போனில் எடுத்த இடாப்புப் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

"அந்தக் காலத்தில எல்லாரும் அப்பிடித்தான் போன" என்றார் மெதுவாக. "வயசு குறைஞ்சா ஏஜென்சிக்காரன் எடுக்க மாட்டான். உங்கட வாப்பா இல்ல. அடுப்பு எரியல்ல. பிறப்புப் பத்திரம் தொலைஞ்செண்டு சொல்லி உத்தேச வயசுப் பத்திரம் ஒண்டு எடுத்த. பத்து வயசு கூட்டிப் போட்ட. உங்கும்மாக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியா."

"நீ சின்னப் புள்ள. பொறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

"சரி, அத உடுங்க. பசி, ஏதோ செஞ்சீங்க. டொக்டர் கேட்டாரே மாமா! வயசு சரிதானேண்டு உங்கட முகத்தப் பாத்துக் கேட்டாரே! தூக்கி வளத்தண்டு சொன்ன வாயால ஒரு உண்மையச் சொல்லியிருக்க ஏலாதா? எட்டு மாசம் நான் அவவ அடிக்காத குறையா..."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். எனக்கு அறுத்தது தெரியவும் இல்லை, நானும் சேர்ந்து கத்தியைப் பிடித்திருக்கிறேன்.

"பொய்ப் பத்திரம் எடுத்தவனெண்டு இந்த வயசில என்ன மறியல்ல போடவா?" மாமாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் மரைக்கார். நாளைக்குப் பள்ளியில எந்த முகத்தோட முன் சப்பு வரிசையில நிண்டு தொழுற? பெரிசாக் கேக்கிறாய், நீ இரிக்கிற வீடு எப்பிடி வந்தண்டு நெனச்ச?"

அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு வரவில்லை. "டொக்டர்ட்ட வந்து உங்கட வாயால சொல்லுங்க" என்றேன். "வரல்லண்டா வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு ஆக்கள் வரக்கொள்ள பள்ளிவாசல்ல நிண்டு நான் சொல்லுவன். பொம்பிளையெண்டு பாக்க மாட்டன்."

அவர் வந்தார். டொக்டரின் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். டொக்டர் யாரையும் ஏசவில்லை. மருத்துவத்துக்குத்தான் கேட்கிறேன், வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் எடுத்த இடத்துக்குச் சரியான வயதை அனுப்பினார். அடுத்த கிழமை புதுத் தாள் வந்துவிட்டது. மூன்று பேரும் மறுபடி அதே கதிரைகளில் இருந்தோம்.

மூளை அதே மூளை. படமும் அதே படம். ஒரேயொரு இலக்கத்தை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். ராத்தாவின் புள்ளி இடப்பக்கம் நகர்ந்து, பட்டி உயரமாக இருக்கும் இடத்தில், அதற்கு வெளியே கீழே தனியாகக் கிடந்தது.

"அம்பத்திரெண்டு வயசுக்கு இது சாதாரணம் இல்ல" என்றார் டொக்டர். "இந்த அளவு மட்டும் போதா. ஆனா மணிக்கூடு, மூணு சொல், நீங்க சொன்னது எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, இளம் வயசில வாற மறதி நோயெண்டுதான் நான் நினைக்கன். முழுசா மாத்த ஏலா. மருந்து கொஞ்சம் தாங்கும். எட்டு மாசத்துக்கு முதல் துடங்கியிருக்கலாம்."

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த இடத்திலேயே ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவவின் நோய் பொய்யில்லை என்று ஒரு டொக்டர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அப்படியும் இருந்தது.

"இனி அவவோட கொஞ்சம் கதைக்கணும்" என்று டொக்டர் ராத்தாவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, சிரித்த முகத்தோடு கேட்டார். "ராத்தா, உங்கட வயசு என்ன?"

ராத்தா என் கையை விட்டா. கதிரையில் நிமிர்ந்து இருந்து, முந்தானையைச் சரிசெய்து, இரண்டு கையையும் மடியில் வைத்தா. இரண்டு வருடமாக நான் கேட்காத ஒரு தெளிவான குரலில் சொன்னா.

"இருவத்தாறு, சேர். கலியாணம் முடிச்ச. ரெண்டு புள்ள. உம்மாட்ட உட்டுட்டுப் போறன். சமையல் தெரியும், புள்ள பாக்கத் தெரியும்."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். ஏஜென்சிக்காரனிடம் ஒப்புவிக்க இப்படி ஒரு பாடம் இருந்தது எனக்குத் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க வேண்டியும் இருக்கவில்லை. மாமா கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்தா மெல்ல அவர் பக்கம் சாய்ந்தா. டொக்டருக்குக் கேட்கக் கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கெஞ்சுகிற குரலில் கேட்டா.

"மாமா, பிழையாச் சொல்லட்டா? பிழையாச் சொன்னா என்ன அனுப்ப மாட்டாங்கதானே?"